பெயிலக்கா

— சொல்லணும்னுதான் இருந்தேன் ஷ்யாமு.

— எப்போ குமார்? உங்க அக்கா நெவார்க் ஏர்போர்ட்ல பெட்டியோட வந்து நின்னதுக்கப்புறமா?

— காலங்காத்தால ஆரம்பிக்காத. சனிக்கிழமை. காபியாவது குடிக்க விடு.

— குடியேன். நான் வேணாம்னா சொன்னேன்? நேத்து சாயந்திரம் மகிழனைக் கூப்பிட டேகேர் போறேன். மிஸ் டோரீன் என்னைக் கட்டிப் புடிச்சுட்டு, "வி வில் மிஸ் ஹிம்"ங்கறாங்க. புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டேன். அப்புறம்தான் சொல்றாங்க, மே மாசக் கடைசியோட நிறுத்தறோம்னு உங்க ஹஸ்பண்ட் சொல்லிட்டுப் போனாரேன்னு. பேக்கு மாதிரி நின்னேன் அங்க.

— உங்கிட்ட பேசிட்டுதான் சொல்லலாம்னு...

— ராத்திரி பூரா வாயத் தொறக்காம இருந்தேன். நீயா சொல்றியான்னு பார்த்தேன். நீ பாட்டுக்கு கிரிக்கெட் பார்த்துட்டு தூங்கப் போயிட்ட.

— சரி, சொல்லாதது தப்புதான். ஆனா விஷயம் நல்ல விஷயம்தானே? அக்காவுக்கு டூரிஸ்ட் விசா கிடைச்சிருச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. ஜூன்ல வர்றா, டிசம்பர் வரைக்கும் இருப்பா. மகிழன் வீட்டுலயே இருக்கலாம். நல்ல சாப்பாடு, நல்ல தமிழ். இப்ப என்னடான்னா, "ஐ டோன்ட் லைக் ரசம்"ங்கறான்.

— டிசம்பருக்கு அப்புறம்?

— உங்கம்மா வரட்டும்.

— அவங்களுக்கும் ஆறு மாசம் முடிஞ்சா?

— அப்ப பார்த்துக்கலாம்.

— என்னத்தப் பார்த்துக்கறது? இங்க எடிசன்ல எல்லா வீட்டுலயும் நடக்கற அதே ரிலே ரேஸ்தானே? ஆறு மாசம் இவங்க சைடு, ஆறு மாசம் அவங்க சைடு. நடுவுல யாருக்காவது முட்டி வலி, ஊர்ல ஒரு கல்யாணம்னா வேலைய விடப்போறது யாரு? நீயா?

— நான் அப்படிச் சொல்லலையே.

— நீ எதையுமே சொல்லலையே! அக்கா ஏர்போர்ட்ல எறங்கறாங்க. ஆபீசர் எதுக்கு வந்தீங்கன்னு கேக்கறான். என்ன சொல்லச் சொல்லிக் குடுக்கப்போற? சுத்திப் பார்க்கன்னா? எதை? நம்ம கிச்சனையும் லாண்ட்ரி ரூமையுமா?

— எல்லாரும் சொல்றதுதான்.

— குமார், இங்க பாரு. அந்த ஸீட்டுக்கு நாம எப்படி அலைஞ்சோம்னு மறந்துட்டியா? ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், சம்பளம் பத்தலைன்னு ஸ்டேட் கவர்மென்ட் அவனோட டேகேர் அவர்ஸுக்குப் பணம் கட்டுது. நம்ம பங்கு கொஞ்சம்தான். வேணாம்னு சொன்னா அந்த இடம் வெயிட் பண்ற அடுத்த குடும்பத்துக்குப் போயிடும். மறுபடி வேணும்னா க்யூல கடைசி ஆளாப் போய் நிக்கணும். அதுவரைக்கும் நான் வீட்டுல. மூணு வருஷம் வீட்டுல இருந்தேன்ல, திரும்ப அதே.

— வாழ்க்கை பூரா இப்படியேவா இருக்கப்போறோம்? பேங்க்ல மறுபடி ஐ.டி. கான்ட்ராக்ட் கிடைச்சா...

— கிடைக்கட்டும். அன்னிக்கு நானே போய், "ரொம்ப தேங்க்ஸ், இனிமே நாங்களே கட்டிக்கறோம்"னு சொல்லிட்டு வர்றேன். இன்னிக்கு நீ வேர்ஹவுஸ்ல ஸ்கேனர் புடிச்சிட்டிருக்க, நான் ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுத்துட்டிருக்கேன். இன்னிக்கு உள்ளதைப் பேசு.

— அதைத்தான் ஊரே பேசுதே.

— எந்த ஊரு?

— மகாதேவன்.

— யாரு, உன் பழைய டீம் லீடா?

— அவன் பொண்ணும் அங்கதானே வருது. போன வாரம் ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கறோம். ஃபிரன்ட் டெஸ்க் பொண்ணு எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "மிஸ்டர் குமாரசாமி, யுவர் ஸ்டேட் அவர்ஸ் ஆர் அப்ரூவ்ட்"ங்குது. மகாதேவன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சான். "ஓ, கவர்மென்ட் கோட்டாவா? குட், குட்"னான். எனக்கு அந்த இடத்துலயே பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு ஷ்யாமு.

— அந்தாளு சொன்ன ரெண்டு குட்டுக்காக என் வேலையைக் காவு குடுத்துட்டு வந்தியா?

— மானம்னு ஒண்ணு இருக்கில்ல?

— பத்து வருஷம் டாக்ஸ் கட்டினியே, அது யாருக்குக் கட்டின? மகாதேவன் வீட்டு லோன் வட்டியை டாக்ஸ்ல கழிச்சுக்கறாரே, அவரைப் பார்த்து யாராவது "குட், குட்"ங்கறாங்களா? அது கவர்மென்ட் குடுக்கறது இல்லையா?

— உங்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது.

— நீ ஜெயிக்கவே வேணாம். திங்கக்கிழமை காலைல வந்து, "தெரியாம சொல்லிட்டேன், மகிழன் தொடர்ந்து வருவான்"னு மிஸ் டோரீன்கிட்ட சொல்லு. அதுவரைக்கும் இடத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்காங்க. ஆனா வேணாம்னு சொன்னவர் வந்துதான் வேணும்னு சொல்லணுமாம். நேத்து நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துட்டேன்.

— முடியாது ஷ்யாமு. டிக்கெட் போட்டாச்சு. அதுவுமில்லாம, தினமும் காலைல அவன் எப்படி அழறான்னு நீயே பார்க்கற. அவனை அவங்க கைல குடுத்துட்டு திரும்பிக்கூடப் பார்க்காம ஓடற. நான் கார்ல உக்காந்து பார்த்துட்டுதான் இருக்கேன். எந்த அம்மாவும்...

— முடி. அதை முடி, பார்க்கலாம்.

— விடு.

— ஏழு மணிக்கு ஷிப்ட் குமார். ஃபாஸ்டிங் டெஸ்ட்டுக்குன்னு ராத்திரியிலேர்ந்து வெறும் வயித்தோட வயசானவங்க வரிசையா உக்காந்திருப்பாங்க. ஓடாம என்ன பண்ணுவேன்? சரி, உங்க அக்காகிட்ட கேட்டியா? ஆறு மாசம் வர்றியான்னு ஒரு வார்த்தை?

— அவகிட்ட கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவளுக்கு நான்னா உயிரு. என்னை வளர்த்ததே அவதான்.

— அவங்க வேலை?

— அதெல்லாம் ஒரு வேலையா? கோபி பக்கத்துல ஒரு அங்கன்வாடி. இருபது பசங்களுக்கு சோறு போட்டுத் தூங்க வெக்கணும். அக்காவுக்குப் படிப்பு ஏறல ஷ்யாமு. நாலாங்கிளாஸ்ல ரெண்டு வருஷம் பெயிலு. இன்னிக்கும் நான் "பெயிலக்கா"ன்னு கூப்பிட்டா சிரிப்பா. அந்த வேலைய விட்டா ஒண்ணும் குடி முழுகிடாது.

— இந்தா, அவங்கதான் கூப்பிடறாங்க. எடு.

— அப்புறம் பேசிக்கறேன்.

— குடு இங்க. நானே ஸ்பீக்கர்ல போடறேன். அக்கா, நல்லா இருக்கீங்களா?

— நல்லாருக்கறேன் அம்மிணி. சாப்பிட்டாச்சா? என்ற தம்பி இருக்கறானா?

— இருக்காருக்கா, பக்கத்துலதான் இருக்காரு.

— சொல்லுக்கா.

— ஏஞ்சாமி, அந்த டிக்கெட்டத் தப்பாப் போட்டுட்டயாட்ட இருக்குது? இப்பத்தான் உங்க மாமா போன்ல பெருசாக்கிப் பார்த்துச் சொன்னாரு. போறது ஜூன் மாசம், வாரது டிசம்பர்னு இருக்குதாமா. நான் மே மாச லீவுக்குத்தானே வாரேன்னு சொன்னேன்? எங்களுக்கு லீவே பதினஞ்சு நாளுதான்டா.

— தப்பில்லக்கா. ஆறு மாசத்துக்குத்தான் போட்டிருக்கேன்.

— ஆறு மாசமா! எனக்கு எவன்டா ஆறு மாசம் லீவு குடுப்பான்?

— லீவு எதுக்கு? வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரு. அந்தச் சம்பளத்த நான் அனுப்பறேன். இத்தன வருசம் ஆயா வேலை பார்த்தது போதும்.

— ஆயா வேறடா, டீச்சர் வேற. எங்க சென்டர்ல ஆயா மாராத்தா. நான் டீச்சர்.

— சரி தாயி, டீச்சர். கோவிச்சுக்காத.

— கோவமென்ன கோவம். எதுக்கு ஆறு மாசம், அதைச் சொல்லு. யாருக்காச்சும் மேலுக்குச் சொகமில்லையா? அம்மிணி, உனக்கு ஏதாச்சும்...

— ஐயோ, எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லாதான் இருக்கேன்.

— மகிழனப் பார்த்துக்கத்தான்க்கா.

— அவன்தான் பால்வாடி போறானே.

— அது பால்வாடி இல்லக்கா. டேகேர்.

— அம்மா வேலைக்குப் போறா, புள்ள அங்க சோறு தின்னுட்டுத் தூங்குது, அதுக்குக் கவர்மென்ட்டு காசு குடுக்குது. அம்மிணிதான் சொல்லுச்சு. அப்ப அது பால்வாடி இல்லாம என்னடா?

— கரெக்டா சொன்னீங்கக்கா.

— நீ சும்மா இரு ஷ்யாமு. அக்கா, அவனுக்கு அங்க பிடிக்கவே இல்ல. பாவம்க்கா.

— டாடி! இஸ் அத்தை கமிங் டு மை ஸ்கூல்?

— என்னமோ சொல்றானே என்ற தங்கம்?

— அத்தை என் ஸ்கூலுக்கு வருவாங்களான்னு கேக்கறான்க்கா. மை ஸ்கூலாம். பிடிக்காத இடத்தைப் பத்தி அப்படித்தான் சொல்லுவாங்க பாருங்க.

— வாரேன் சாமி! வந்து உங்க டீச்சரப் பார்க்கோணும். எத்தன புள்ளைய வெச்சு மேய்க்கறாங்கன்னு கேக்கோணும்.

— மகிழா, போ கண்ணா, போய் கார்ட்டூன் பாரு. அக்கா, நான் ஒண்ணு சொல்லிடறேன். உங்க தம்பி அந்த இடமே வேணாம்னு டேகேர்ல சொல்லிட்டு வந்துட்டாரு. உங்களை நம்பி.

— ஷ்யாமளா!

— கத்தாதீங்க. அக்காவுக்குத் தெரியணும். அக்கா, நீங்க ஆறு மாசம் கழிச்சுத் திரும்பிப் போனா, இங்க அவனுக்கு இடமும் இருக்காது, எனக்கு வேலையும் இருக்காது. நீங்க வர்றதுல எனக்கு சந்தோஷம்தான்க்கா. வாங்க, லீவு போட்டு ஊரெல்லாம் சுத்திக் காட்டறேன். ஆனா புள்ளையப் பார்த்துக்கன்னு வராதீங்க. என்னைத் தப்பா நினைச்சாலும் பரவாயில்ல.

— நான் எதுக்கு அம்மிணி உன்னயத் தப்பா நெனைக்கறேன்? தம்பி, நெசமாவா? போயி வேண்டாம்னுட்டு வந்துட்டயா?

— நீ இருக்கறப்ப அது எதுக்குக்கா?

— எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டயா?

— உங்கிட்டப் போயி என்ன கேக்கறது?

— அதுசரி. இங்க பாரு சாமி, என்ற சென்டர்ல இருக்கற புள்ளைக அம்மாக்காரிக பூராம் மில்லுக்குப் போறவளுக. சென்டரு சாத்தி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் அவளுகளுக்கு மில்லு விடும். அந்த ஒரு மணி நேரம் புள்ளைகள யாரு வெச்சுக்கறா? நான்தான் உக்காந்திருக்கறேன். யாரும் சொல்லல, சம்பளமும் இல்ல. நான் எழுதிக் குடுத்துட்டு வந்தா அந்த எடத்துக்கு எப்ப ஆளு போடுவாங்களோ தெரியாது. அவளுக என்னடா பண்ணுவாளுக?

— அதுக்குக் கவர்மென்ட் இருக்குதுக்கா. அவங்க பார்த்துக்குவாங்க.

— இந்த ஊருக்குக் கவர்மென்ட்டே நான்தான்டா.

— சரி, ஊருப் புள்ளைக்கெல்லாம் பார்க்கற. தம்பி மகனுக்குப் பார்க்க மாட்டியா? என்னய நீதானே வளர்த்த? எந்நேரமும் இடுப்புல வெச்சுக்கிட்டே திரிவியாம்னு அம்மா சொல்லுமே. அதே மாதிரி அவனயும் ஒரு ஆறு மாசம் பார்த்துக் குடுக்கா. தினமும் காலைல அழறான். இவ திரும்பிக்கூடப் பார்க்காம ஓடறா. நீயே சொல்லு, பெத்தவ அப்படி ஓடுவாளா?

— திரும்பினா என்னால போக முடியாதுக்கா. அதான் திரும்பறதில்ல. கார்ல ஏறி ரோட்டுக்கு வந்தப்புறமும் அவன் குரல் காதுல கேட்டுட்டே இருக்கும். லேப்ல முதல் பேஷண்ட்டுக்கு ஊசி எடுக்கற வரைக்கும் கேக்கும். அதுக்காக என்னைக் கல்நெஞ்சுக்காரின்னா சொல்லிட்டுப் போகட்டும். அந்த ஸீட்டை நான் விடப்போறதில்ல. இவர் வரலைன்னா நானே தினமும் போய் அந்த ஆபீஸ் வாசல்ல நிப்பேன்.

— பார்த்தியாக்கா, எப்படிப் பேசறா?

— தம்பி, நீ என்னைய எப்புடிக் கூப்புடுவே?

— எப்படின்னா? அக்கான்னுதான்.

— வேற?

— பெயிலக்கான்னு. அது வெளையாட்டுக்குக்கா. இப்ப எதுக்கு அது?

— நான் ஏன் பெயிலானேன்னு அம்மா சொல்லுச்சு?

— உனக்குக் கணக்கு வரலைன்னு.

— என்னையும் அப்புடித்தான் சொல்லச் சொல்லுச்சு. நான் பரிட்சையே எழுதலடா. ரெண்டு வருசம் பள்ளிக்கூடத்துக்குள்ளயே போகல.

— என்னக்கா சொல்ற?

— நீ பொறந்துட்டே. அம்மா மில்லுக்குப் போகலீனா வீட்டுல அடுப்பு எரியாது. "தம்பி நடக்கற வரைக்கும்தான் கண்ணு"ன்னு சொல்லுச்சு. நீ நடந்தே. அப்பறம், "நடந்தா கெணத்துப் பக்கம் போயிருவான், இன்னுங் கொஞ்ச நாளைக்கு"ன்னு சொல்லுச்சு. காத்தால சங்கு ஊதுனா அம்மா கெளம்பீரும், நான் உன்னய இடுப்புல ஏத்திக்குவேன். நேரா பள்ளிக்கூடத்து வேலிகிட்டப் போயி நின்னுக்குவேன். உள்ள என்ற வயசு, சோட்டுப் புள்ளைக வாய்ப்பாடு சொல்லுவாளுக. நானும் வெளிய நின்னுக்கிட்டே சொல்லுவேன். நீ என்ற முடியப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருப்பே.

— அக்கா...

— கணக்கு எனக்கு நல்லா வரும்டா. இன்னைக்கும் வரும்.

— எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது.

— தெரியாதுன்னு எனக்குத் தெரியுமே. கைப்புள்ளைக்கு என்ன தெரியும்? பொறவு நீ வளந்து, பெயிலக்கா பெயிலக்கான்னு சிரிச்சே. நானுஞ் சிரிச்சேன். ரவைக்குப் படுத்தா அழுகாச்சியா வரும். நெம்ப வருசம் வந்துச்சு. உம்மேல கோவமில்ல சாமி. ஆனா அது ஒருக்காச் செஞ்சது செஞ்சதுதான். இன்னொருக்காச் செய்ய மாட்டேன். உன்ற மகனுக்கா இருந்தாலும் செய்ய மாட்டேன். அந்த டிக்கெட்ட மாத்திப் போடு. மே மாசம் ஒறம்பரையா வாரேன். பதினஞ்சு நாளு விருந்தாளியாட்டக் கால நீட்டி உக்காந்துக்கிட்டு, கறிச்சோறு ஆக்கிப் போட்டாத் தின்னுட்டு வாரேன்.

— நான் ஆக்கிப் போடறேன்க்கா. நீங்க வாங்க.

— நீ எதுக்கு அம்மிணி? நீ வேலைக்குப் போறவ. அவன் ஆக்கட்டும்.

— ஷ்யாமு.

— என்ன?

— அழறியா?

— இல்ல. நீ?

— திங்கக்கிழமை எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?

— ஆறரைக்கு.

— நான் வந்து சொல்லிடறேன்.

— கார்ல உக்காந்துட்டு போன்ல சொல்ற கதையெல்லாம் வேணாம். உள்ள வரணும். ஃபிரன்ட் டெஸ்க்ல நின்னு, எங்க ஸ்டேட் அவர்ஸ் எங்களுக்கு வேணும்னு சத்தமா சொல்லணும். பக்கத்துல மகாதேவன் நின்னாலும் சொல்லணும்.

— சொல்றேன். அவன் நிக்கட்டும். அவன் முன்னாடியே சொல்றேன்.

— நல்லதாப் போச்சு. அப்ப நான் வெக்கட்டுமா சாமி? சென்டரு சாவி ஒண்ணு மாராத்தாகிட்ட இருக்குது, வாங்கிட்டு வரோணும்.

— இரு அக்கா, ஒண்ணே ஒண்ணு. திங்கக்கிழமை நான்தான் அவன உள்ள கொண்டு போயி விடப்போறேன். அவன் கத்துவான். என்னால அதத் தாங்க முடியாதுக்கா. நான் என்ன பண்ணட்டும்?

— கத்துவான். அப்பறம் வெளையாடப் போயிருவான். நீயும் அப்புடித்தான்டா. இங்க பால்வாடி தொறந்த மொத நாளு உன்னயத் தூக்கிட்டுப் போயி உட்டது நான்தான். அக்கா, அக்கான்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்துனே. நான் திரும்பிக்கூடப் பார்க்காம நாலாங்கிளாசுக்கு ஓடுனேன் சாமி.